பலகைக்கு அடியில் தண்ணீர்

ஜீவிய சரித்திரம் வாசிக்க
எனக்கு நாலு நிமிடம் என்றார் போதகர்.
தாளில் இருந்தது:
பிறந்த ஊர் விரிஞ்சிபுரம்.
பெரிய ஆஸ்பத்திரியில் குழாய்ப் பிரிவு, முப்பத்திரண்டு வருடம்.
மனைவி மனோரஞ்சிதம் முன்னமே கர்த்தருக்குள்.
பிள்ளைகள் மூன்று, பேரப்பிள்ளைகள் ஐந்து.
டைப் அடித்த பையன்
மாசிலாமணியை மாசிலாமனி ஆக்கியிருந்தான்.
பேனா வாங்கி
இரண்டு சுழியை மூன்று சுழி ஆக்கிக்கொண்டேன்.

பெட்டியை வைத்திருந்தது
மேடையின் பலகைகள்மேல்.
எங்கள் சபையில் தெளிப்பு இல்லை,
முழுக்குத்தான்.
அந்தப் பலகைகளைத் தூக்கினால் தொட்டி.
நீல ஓடு, ஏழு படி,
ஓர் ஆள் மூழ்கி எழும் ஆழம்.

அதை நிரப்பிவந்தவர் பெரியப்பா.
மோட்டார் இழுக்காத மே மாதத்தில்
லாரிக்காரனிடம் கெஞ்சி, பிறகு திட்டி,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு நடை,
போதாவிட்டால் இன்னொரு நடை.
பாலாறே மணலாய்க் கிடக்கும் ஊரில்
ஓர் ஆளை முழுக்கத் தண்ணீர் சேர்ப்பது
லேசுப்பட்ட காரியமில்லை.
டிசம்பர் என்றால்
விடியற்காலையில் நாலு குடம் வெந்நீர் கலப்பார்,
வயசானவர்களுக்கு நடுங்குமாம்.

எல்லோருக்கும் நிரப்பியவர்
தான் இறங்கவில்லை, பத்தொன்பது வருடம்.
டீக்கன்மார் கேட்டால்
"குழாய்க்காரன் எப்பவும் நனைஞ்சவன்தானே" என்பார்.

காரணம் தாளில் இல்லை.
கொசப்பேட்டை வீட்டில் ஒரு பொதுச் சுவர்.
பெரியப்பா ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்த மாதம்தான்
அப்பாவோடு அதற்காகச் சண்டை.
போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தார்.
அதன்பிறகு ஒரே ஆலயத்தில் இருவரும்,
இடையில் மூன்று பெஞ்சு.
ஒருவர் ஆமென் சொன்னால்
மற்றவர் சற்றுத் தாமதித்துச் சொல்வார்,
குரல் சேர்ந்துவிடக் கூடாதென்று.

நான் முழுக்கு எடுத்த அன்று
திரைக்குப் பின்னால் துண்டோடு நின்றவர் அவர்தான்.
அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்
என் தலையைத் துவட்டினார், காது மடல்வரை.

பிறகு அம்மாவுக்கு ஆபரேஷன்.
ரத்தம் வேண்டும் என்ற இரவில்
யாரும் கூப்பிடாமல் வந்து
கையை நீட்டிப் படுத்துவிட்டார்.
அப்பா போய்த் தலைமாட்டில் நின்றார்.
வெகுநேரம் நின்றார்.
"சாப்பிட்டியா" என்றார்.
எங்கள் வீட்டில் சமாதானம் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு
தான் நிரப்பிய தொட்டியில் தானே இறங்கினார்.
வயது ஐம்பத்தெட்டு.
எழும்பி, மூக்கைச் சிந்தி,
"வால்வு கசியுது, இன்னும் அரைத் திருகு இறுக்கணும்" என்றதும்
சபை முழுக்கச் சிரித்தது.

இதெல்லாம் எழுதித்தான் வைத்திருந்தேன்.
ராஜகுமாரி அத்தை அடித்துவிட்டாள்.
"சாவுல வந்து பங்காளிச் சண்டையா வாசிப்ப?"

மிச்சத்தை வாசித்து முடித்தேன்.
நாலு நிமிடம்கூட ஆகவில்லை.
போதகர் ஜெபித்தார். கண் மூடினோம்.
கரண்ட் போய், ஃபேன்கள் ஓய்ந்தன.
அப்போதுதான் கேட்டது
பெட்டிக்குக் கீழே
சொட்.

கொஞ்சம் பொறுத்து
சொட்.

வரும் ஞாயிறு ஐந்து பேருக்கு ஞானஸ்நானம்.
புதுப் பையன் யாரோ நிரப்பத் தொடங்கி
சரியாக மூடாமல் போயிருக்கிறான்.

கண் திறந்தேன்.
முதல் பெஞ்சில் அப்பா இல்லை.
எண்பது வயதுக்காரரின் கைத்தடி மட்டும் சாய்ந்திருந்தது.
திரை அசைந்தது.
உள்ளே இரும்பு கிறீச்சிட்டது, ஒரு திருகு.
மூச்சு வாங்கும் சத்தம்.
பிறகு அரைத் திருகு.

சொட்டு நின்றது.
போதகர் ஆமென் என்றார்.
திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரு ஆமென்,
தாமதிக்காமல்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்தபோது
ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி வந்து நின்றார்.
"பாத்து," என்றார்,
"இடப்பக்கப் பலகை ஆடும்."
அவர்களிடம் சொன்னாரா
அண்ணனிடம் சொன்னாரா, தெரியவில்லை.